தள்ளாமையின் கணக்கு



அழைப்பிதழில் என் பேச்சின் தலைப்பு ‘முதியோரின் உடல் இயக்கத்தை உணரிகளால் அளத்தல்’ என்று அச்சாகியிருக்கிறது. எழுதிக் கொடுத்தவன் நான்தான். ஆனால் அந்தக் கடைசிச் சொல்லை இந்த வளையமாதேவியில் போட்டிருக்கக் கூடாது. இயன்முறை மருத்துவனாக முதல்முறை இங்கே வந்தபோது, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “ஆயா, நீங்க ஒரு நாளைக்கு எவ்ளோ நடக்கறீங்கன்னு அளந்து பாக்கலாம்னு வந்திருக்கேன்” என்றேன். ஆயா எனக்குப் பதில் சொல்லவில்லை. உள்பக்கம் திரும்பி, “யாரோ அளக்க வந்துருக்காங்க, என்னான்னு வந்து கேளு” என்று குரல் கொடுத்தார். மாவுக் கையோடு மருமகள் வந்தார். அவருக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர் வந்துவிட்டார். “எந்த ஆபீஸ்லேர்ந்து வர்றீங்க?”

இங்கே அளக்க வருபவர் என்றால் சர்வே எண் கேட்பவர், கல் நடுபவர். 1935-இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரிய மண் வந்ததிலிருந்து தொடங்கும் கதை அது. 1956-இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தது, சுரங்கங்கள் பெருகின. 2023 ஜூலை 26 அன்று, இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாயை வெட்ட, மேல்வளையமாதேவியில் நெல் நின்ற வயல்களில் பொக்லைன்கள் இறங்கின. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது நீதிமன்றம். இதையெல்லாம் உங்களிடம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? என் தலைப்பில் ஒரு சொல் ஏன் தவறாகப் போயிற்று என்று காட்டத்தான் சொன்னேன். அன்றிலிருந்து ‘எண்ணிப் பார்க்க’ வந்திருக்கிறேன் என்றுதான் சொல்லி வருகிறேன். இன்றும் எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில், யாரைப் பற்றிப் பேசுகிறோம்? முதுமையில் உடம்பு தளரும் நிலைக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. அதைத் தமிழில் நலிவு என்கிறார்கள், நொய்ம்மை என்கிறார்கள். நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: தள்ளாமை. “அவருக்குத் தள்ளாத வயசு” என்கிறோம். இது நோயின் பெயரல்ல. சர்க்கரை இல்லாமல், ரத்த அழுத்தம் இல்லாமல், எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் ஒருவர் தள்ளாமல் போகலாம். தொண்ணூறு வயதில் தள்ளாமை இல்லாதவரும் உண்டு. உடம்பின் கையிருப்பு கரைந்துபோன நிலை அது. ஒரு காய்ச்சல், ஒரு வயிற்றுப்போக்கு, குளியலறையில் ஒரு சறுக்கல் வந்தால், மற்றவர் பத்து நாளில் எழுந்துவிடுவார். இவர் எழுவதில்லை.

2001-இல் லிண்டா ஃபிரைட் என்ற அமெரிக்க மருத்துவரும் குழுவினரும் இதற்கு ஐந்து அடையாளம் வகுத்தார்கள். காரணமில்லாமல் எடை குறைவது, எப்போதும் சோர்வு, கைப்பிடி வலு குறைவது, நடை மெதுவாவது, உடல் இயக்கம் குறைவது. மூன்று இருந்தால் தள்ளாமை, ஒன்றோ இரண்டோ இருந்தால் அதன் வாசற்படி. 65 வயதுக்கு மேற்பட்ட 5,317 பேரை வைத்துச் செய்த வேலை. இன்றுவரை உலகில் பரவலாக அதைப் பயன்படுத்துகிறார்கள், நானும் பயன்படுத்துகிறேன். எடைக்குத் தராசு இருக்கிறது. கைப்பிடிக்கு ஓர் இறுக்குமானி. நடைக்கு 15 அடி தூரமும் ஒரு கடிகாரமும் போதும். குள்ளமான ஒரு பெண் அதைக் கடக்க 7 நொடியோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டால் நடை மெதுவாகிவிட்டது என்று கணக்கு.

ஐந்தாவதுதான் சிக்கல். உடல் இயக்கத்தை அவர்கள் கேள்வி கேட்டுக் கணக்கிட்டார்கள். அந்தப் பட்டியலை ஒருமுறை படித்துப் பாருங்கள். நடை, வீட்டு வேலை, தோட்ட வேலை வரை சரி. அதற்குப் பிறகு புல்வெட்டும் இயந்திரம் தள்ளுவது, மலையேற்றம், சைக்கிள், நடனம், பௌலிங், கோல்ஃப், டென்னிஸ். டென்னிஸிலும் ஒற்றையர் வேறு, இரட்டையர் வேறு. இதை எடுத்துக்கொண்டு நான் கீழ்வளையமாதேவியில் ஓர் ஆயாவிடம் போய், “இந்த வாரம் கோல்ஃப் ஆடினீர்களா?” என்று கேட்க வேண்டும். பட்டியல் போட்டவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் ஊர்க் கிழவர்களுக்கு அது சரி. களை எடுப்பது, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது, சாணி அள்ளுவது, முந்திரிக்கொட்டை உடைப்பது, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்குப் போவது என்று நமக்கொரு பட்டியல் வேண்டும்.

அப்படிப் பட்டியல் போட்டவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். சென்னையில் டாக்டர் மோகனின் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் அஞ்சனா குழுவினர் இந்தியர்களுக்கென்றே ஒரு கேள்வித்தாளை உருவாக்கி, அதன் விடைகளை உடலில் கட்டிய முடுக்கமானி என்ற அசைவுணரியோடு ஒப்பிட்டு 2015-இல் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் 14,227 பேரிடம் எடுத்த கணக்கில், பாதிக்கு மேல், 54.4 விழுக்காட்டினர், போதிய இயக்கம் இல்லாதவர்கள் என்று அதே நிறுவனத்தார் காட்டியிருந்தார்கள். ஆனால் அது இருபது வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் பற்றிய கணக்கு. தள்ளாதவர்களைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

கேள்வித்தாள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்கு ஒரு வாய் பதில் சொல்ல வேண்டும். அந்த வாய் எந்தச் சூழ்நிலையில் பேசுகிறது என்பதை வீடு வீடாகப் போகிறவன் அறிவான். மருமகள் பக்கத்தில் நின்றால் ஒரு பதில், தண்ணீர் எடுக்கப் போயிருந்தால் வேறு பதில். “எல்லா வேலையும் நான்தான் செய்றேன்” என்றால் மருமகளைக் குற்றம் சொன்னதாகும். கேட்பவர் முதியோர் பென்ஷன் விஷயமாக வந்திருப்பாரோ என்று தோன்றினால், “ஒண்ணும் முடியலைங்க, ஒக்காந்த எடம்தான்” என்பார்கள். நூறு நாள் வேலை அட்டையைச் சரிபார்க்க வந்தவரோ என்று தோன்றினால் அதே ஆள், “எனக்கென்ன, மம்புட்டியத் தூக்குவனே” என்பார். இரண்டுமே பொய்யில்லை. காலையில் முடியும், மாலையில் முடியாது.

அதனால்தான் கருவி.

கருவியின் உள்ளே என்ன இருக்கிறது? டவுன் பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். டிரைவர் பிரேக் அடித்தால் முன்னால் சாய்கிறோம், எடுத்தால் பின்னால் சாய்கிறோம். கண்ணை மூடிக்கொண்டாலும், எவ்வளவு சாய்ந்தோம் என்பதை வைத்து பஸ் என்ன செய்தது என்று சொல்லிவிடலாம். முடுக்கமானியின் உள்ளே அப்படி ஒரு பயணி நிற்கிறார், கண்ணுக்குத் தெரியாத சிலிக்கான் துண்டு. நுண்ணிய வில்களில் தொங்கும் அது அசையும்போது பக்கத்துத் தகட்டோடு உள்ள இடைவெளி மாறும், அதனால் மின்தேக்கம் மாறும், அந்த மாற்றம் எண்ணாகிறது. மேல்கீழ், முன்பின், பக்கவாட்டு என மூன்று திசைக்கு மூன்று எண். 1990-களின் தொடக்கத்தில் கார்களின் காற்றுப்பையை விரிய வைக்கத்தான் இந்தச் சில்லு பெருமளவில் வந்தது. பிறகு கைப்பேசிக்குள் நுழைந்தது, பிறகு மணிக்கட்டுக்கு.

சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் இதைக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது பேரிங்ல ஒட்டி வைப்ரேஷன் பாக்குற சாமான்தான தம்பி?” என்றார். அதேதான் என்றேன். மோட்டாரும் பேரிங்கும் கெட்டுப்போவதற்கு முன்பே அதிர்வு மாறிவிடும், அதைக் கேட்டுத்தான் பராமரிப்புக்காரர்கள் முந்திக்கொள்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே, “பேரிங்குக்கு கிரீஸ் வெப்பீங்க, எனக்கு என்ன வெப்பீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

நொடிக்கு நூறு முறை, மூன்று திசை, ஏழு நாள். பெருக்கினால் ஒருவருக்கு 18 கோடியே 14 லட்சத்து 40 ஆயிரம் எண்கள். பிரிட்டனில் ‘யுகே பயோபேங்க்’ என்ற பெரும் ஆய்வில், 2013 முதல் 2015 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படி ஒரு பட்டையைத் தபாலில் அனுப்பினார்கள். பதினொரு கிராம் எடை. வாங்கியவர்கள் ஏழு நாள் மணிக்கட்டில் கட்டியிருந்துவிட்டுத் தபாலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இங்கே தபாலில் அனுப்பினால் என்ன ஆகும் என்று நான் கற்பனை செய்து பார்ப்பதில்லை.

எண்கள் வந்துவிட்டன. இனி அவற்றை நடை, நிற்பு, கிடை என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கருவி எண்ணுவது அதற்குக் கற்றுக்கொடுத்ததை மட்டும். யார் கற்றுக்கொடுத்தார்கள்?

இத்துறையில் அதிகம் எடுத்தாளப்பட்ட எல்லைக்கோடு 1998-இல் பேட்டி ஃப்ரீட்சன் குழுவினர் போட்டது. ஐம்பது பேர், இளவயதினர். அவர்களை டிரெட்மில்லில் மூன்று வேகங்களில் ஓடவும் நடக்கவும் வைத்து, இடுப்புக் கருவி காட்டிய எண்ணையும் அவர்கள் செலவழித்த ஆக்சிஜனையும் பொருத்திப் பார்த்தார்கள். நிமிடத்துக்கு 1,952-க்கு மேல் வந்தால் மிதமான உழைப்பு என்றார்கள். நல்ல வேலை. ஆனால் அந்த டிரெட்மில்லின் மிகக் குறைந்த வேகம் மணிக்கு 4.8 கிலோமீட்டர். சற்று முன்பு சொன்ன 15 அடி, 7 நொடி கணக்கைக் கிலோமீட்டராக்கினால் மணிக்கு 2.35 வரும். நம் ஆயாவின் வேகம் அந்த ஆய்வின் மிக மெதுவான வேகத்தில் பாதிகூட இல்லை. அந்தக் கோட்டை இவர் மேல் வைத்தால், நாள் முழுக்க ஓடியாடினாலும் ‘இயக்கமற்றவர்’ என்றுதான் விழும். அவர் உடம்பு இந்த வேகத்துக்கே தன்னிடம் இருப்பதில் பெரும்பங்கைச் செலவழிக்கிறது. நாற்பது வயதுக்காரனுக்கு உலாவாக இருப்பது எண்பது வயதுக்காரருக்கு மலையேற்றம்.

பெரும்பாலான மணிக்கட்டுப் பட்டைகள் மெதுவான நடையில் தடுமாறும். பாதம் தரையில் இறங்கும்போது எழும் அதிர்வையும் கையின் வீச்சையும் வைத்துத்தான் அவை அடி எண்ணுகின்றன. காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பவரிடம் அந்த அதிர்வு எழுவதில்லை. நான்குகால் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பவரின் மணிக்கட்டு அசைவதே இல்லை. அவர் வாசல் வரை போய் வந்தால், கருவிக்கு அவர் உட்கார்ந்திருந்தார்.

இதற்கு நேர்மாறும் நடந்தது. நான் சொந்தமாக ஒரு கைப்பட்டை வாங்கி, நடக்கவே சிரமப்படும் ஒரு பாட்டிக்கு மூன்று நாள் கட்டிவிட்டேன். திரும்பி வந்து பார்த்தால் இரண்டாம் நாள் பிற்பகலில் மட்டும் ஆயிரக்கணக்கில் அடி. ஒருவேளை யாராவது குழந்தை மாட்டிக்கொண்டு ஓடியதோ என்று விசாரித்தேன். இல்லை. அன்று பிற்பகல் பாட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி, பேத்தியின் குழந்தையைத் தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறார். கை முன்னும் பின்னும் போய் வருகிறது, ஒரே தாளம், நடைக்குரிய தாளம். கருவி பாவம், அவரை நெய்வேலி வரை நடக்க வைத்துவிட்டது.

கை ஏமாற்றுகிறது என்றால் தொடையில் ஒட்டலாம். தொடை கிடையாக இருந்தால் உட்கார்ந்திருக்கிறார், நெட்டாக இருந்தால் நிற்கிறார், நெட்டாக இருந்து தாளத்தில் அசைந்தால் நடக்கிறார். நாற்காலிகளின் உலகத்தில் இது நன்றாக வேலை செய்யும். இங்கே ஒரு பெண் குந்தியபடியே முந்திரிக்கொட்டை உடைக்கிறார், குந்தியபடியே களை எடுத்துக்கொண்டு பாத்தி நெடுக நகர்கிறார். தொடை கிடை, வேகம் குறைவு. ‘உட்கார்ந்தே இருக்கிறார்’ என்று எழுதிவிடும் கருவி. குந்தி இருப்பவரின் தொடைத் தசை என்ன பாடு படுகிறது என்பதை, இங்கே நாற்பது தாண்டியவர் யாரும் இரண்டு நிமிடம் குந்திப் பார்த்துச் சொல்லலாம். மேடையில் நான் செய்து காட்ட மாட்டேன்.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டுமல்ல. தான்சானியாவில் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழும் ஹட்ஸா மக்களிடம் டேவிட் ரைக்லன் குழுவினர் தொடைக் கருவி ஒட்டிப் பார்த்து 2020-இல் எழுதினார்கள். ஒரு நாளைக்கு 9.9 மணி நேரம் அவர்கள் அசையாமல் இருக்கிறார்கள், ஏறக்குறைய நகரத்து அலுவலகக்காரர்கள் அளவுக்கு. ஆனாலும் நகரத்தாருக்கு வரும் இதய நோய், சர்க்கரை நோய் போன்றவை அவர்களிடம் குறைவு. தசையின் மின்துடிப்பைத் தனியாக அளந்தபோது ஒரு காரணம் புலப்பட்டது. ஓய்வில் கணிசமான நேரம் அவர்கள் இருப்பது குந்தியும் மண்டியிட்டும். நாற்காலியில் சாய்ந்திருப்பதைவிட அப்போது கால் தசை கூடுதலாக வேலை செய்கிறது. ஓய்விலும் ஓர் உழைப்பு. நம் பாட்டிகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள்.

இன்னொரு பிழை இதைவிட மோசம். கருவியைக் கழற்றி வைத்துவிட்டால் அதுவும் பூஜ்யம், ஆள் அசையாமல் இருந்தாலும் பூஜ்யம். இரண்டையும் பிரிக்க ஒரு விதி வைத்தார்கள்: தொடர்ந்து அறுபது நிமிடம் பூஜ்யமாக இருந்தால் கழற்றிவிட்டார் என்று வைத்துக்கொள். பின்னால் சிலர் அதைத் தொண்ணூறு ஆக்கினார்கள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் தூணில் சாய்ந்து, தெருவைப் பார்த்தபடி இரண்டு மணி நேரம் கையைக்கூட அசைக்காமல் இருக்கும் தாத்தாவை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கணினி அந்த இரண்டு மணி நேரத்தையும் அழித்துவிடும். யார் மிகவும் தளர்ந்தவரோ அவருடைய தளர்ச்சிதான் முதலில் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. எஞ்சிய நேரத்தை வைத்துச் சராசரி போட்டால் அவர் சுறுசுறுப்பானவராகத் தெரிவார்.

விழுவதைக் கண்டுபிடிக்கும் கருவிகளுக்கும் இதே கதி. மெத்தையில் தொப்பென்று விழுந்து காட்டும் இளைஞர்களை வைத்துத்தான் பெரும்பாலும் பழக்குகிறார்கள். முதியவர்கள் உண்மையாகவே விழுந்த 29 பதிவுகளை வைத்து, அதுவரை வெளியான 13 முறைகளை ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2012-இல் சோதித்தார்கள். சராசரியாக நூறில் 57 விழுகைகளைத்தான் அவை கண்டுபிடித்தன. கிழவர்கள் மெத்தையில் விழுவதில்லை. சுவரைப் பிடித்துச் சரிந்து, தூணைக் கட்டிக்கொண்டு, மெல்ல விழுகிறார்கள்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு இந்தக் கருவியை ஏன் சுமந்துகொண்டு அலைகிறேன் என்று கேட்கலாம். வேறு கேள்வி கேட்டால் இது அருமையான சாட்சி. எத்தனை அடி நடந்தார் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எத்தனை முறை எழுந்தார் என்று கேளுங்கள்.

பத்தாயிரம் அடி என்பதே ஒரு விளம்பரத்தில் பிறந்தது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு, 1965-இல், ஒரு ஜப்பானிய நிறுவனம் தன் அடிமானிக்குப் ‘பத்தாயிரம் அடி மானி’ என்று பொருள்படப் பெயர் வைத்தது, அவ்வளவுதான். ஐ-மின் லீ குழுவினர் 2019-இல், சராசரி வயது 72 உள்ள 16,741 அமெரிக்கப் பெண்களை வைத்துப் பார்த்தபோது, நாளுக்கு 2,700 அடி நடப்பவரைவிட 4,400 அடி நடப்பவர்களின் இறப்பு வெகுவாகக் குறைந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆறுதலான செய்தி. என்றாலும் அவர்கள் தாமே நடமாடும் பெண்கள். வீட்டுக்குள்ளேயே ஐந்நூறு அடி நடப்பவருக்கு 4,400 என்பதும் பௌலிங், கோல்ஃப் மாதிரிதான்.

எழுவது வேறு. தரையிலிருந்து எழுவதற்குத் தொடைவலு வேண்டும், இடுப்பு வளைய வேண்டும், நிலைதவறாமல் நிற்க வேண்டும், துணிவும் வேண்டும். பிரேசிலில் கிளாடியோ அராவ்ஜோ என்ற மருத்துவர், 51 முதல் 80 வயது வரையிலான இரண்டாயிரம் பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார். உட்கார ஐந்து மதிப்பெண், எழ ஐந்து. கையையோ முழங்காலையோ ஊன்றும் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று குறையும். குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களின் இறப்பு பின்வந்த ஆண்டுகளில் அதிகமாக இருந்தது என்று 2012-இல் எழுதினார். இலை போட்டுத் தரையில் சாப்பிடும் வீட்டில் ஒவ்வொரு வேளையும் இந்தத் தேர்வு நடக்கிறது. பிள்ளைகள் அன்பாகப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிப் போடுகிறார்கள். முழங்கால் வலிக்கிறவருக்கு நாற்காலி வேண்டும்தான், மறுக்கவில்லை. நாற்காலி வந்த நாளிலிருந்து தேர்வு நின்றுவிடுகிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கீழ்முதுகில் கட்டிய ஓர் உணரி, உட்கார்ந்து எழும் அந்த இரண்டு மூன்று நொடியைத் துல்லியமாகப் படம் வரையும். முன்னால் சாய்வது, ஒரு கணம் தயங்குவது, மேலே வருவது. உடம்பு குன்றும்போது அந்தத் தயக்கம் நீளும். ஒரே உந்தில் எழுந்தவர் இரண்டு முறை ஆடி மூன்றாம் முறை எழுவார். மருத்துவமனைச் சோதனையில் இது தெரியாமல் போகலாம். டாக்டர் முன்னால் எல்லோரும் ஒருமுறை நன்றாக எழுந்து காட்டிவிடுவார்கள். வீட்டில், செவ்வாய்க்கிழமை விடியற்காலை நாலரை மணிக்குக் கழிப்பறைக்கு எழுவதுதான் உண்மையான எழுச்சி. ஐரோப்பாவில் 2019-இல் தொடங்கிய ‘மொபிலைஸ்-டி’ திட்டம் இந்த வழியில்தான் போனது: முதுகில் ஒரே ஒரு கருவி, சோதனைச்சாலைக்கு வெளியே, அன்றாட வாழ்வில் நடையின் வேகத்தையும் நீளத்தையும் கணக்கிடுவது.

எழுந்தால் போதாது, நிலைதவறாமல் நிற்கவும் வேண்டும். அதற்கு வரப்பைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கால்களின் திறனைப் பார்க்க ஜாக் குரால்னிக் குழுவினர் 1994-இல் கொடுத்த சோதனையை முதியோர் மருத்துவப் பிரிவுகள் பலவற்றில் செய்கிறோம். அதன் முதல் பகுதி நிலைகொள்ளுதல். இரு பாதங்களையும் ஒட்டி வைத்துப் பத்து நொடி, பாதி முன்னால் வைத்துப் பத்து நொடி, ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் கட்டைவிரலில் தொட்டு நேர்க்கோட்டில் பத்து நொடி. கடைசி நிலையில்தான் நகரத்து முதியவர்கள் தள்ளாடுவார்கள். இங்கே அந்த நிலையைக் காட்டச் சொன்னபோது ஒரு பெரியவர், “வரப்புல போற மாரி நிக்கணும், அவ்ளோதான?” என்று கேட்டுவிட்டு நின்றார். பத்து நொடி போய் இருபது போயும் நின்றார். அறுபது எழுபது ஆண்டுகள், ஒரு சாண் அகல வரப்பில், தலையில் நாற்றுக்கட்டோடு, ஈர மண்ணில் அவர் தினமும் செய்த பயிற்சி அது. ஒரு வயல் போனால் நெல் போகிறது, கூலி போகிறது என்று எல்லோரும் கணக்குப் போடுகிறோம். அந்த வரப்பில் தினமும் நடந்துகொண்டிருந்த ஒரு முதியவரின் சமநிலை என்ன ஆகிறது என்று எந்தக் கணக்கிலும் வருவதில்லை. வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் போய் வருகிறார் என்பதை அலபாமா பல்கலைக்கழகத்தில் ‘வாழ்வெளி’ என்று பெயரிட்டு 2003-இல் ஓர் அளவாகவே ஆக்கினார்கள். படுக்கும் அறை, வீடு, வாசல், தெரு, ஊர், ஊருக்கு அப்பால். ஓர் எல்லை சுருங்கினால் உடம்பும் பின்னாலேயே சுருங்கும். போக ஓர் இடம் இருப்பவர்தான் நடப்பார்.

அந்தச் சுரங்கத்துப் பெரியவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: கிரீஸ் என்று எதுவும் கிடையாது, வாரத்துக்கு மூன்று நாள் நிலைப்பயிற்சி, காலுக்கு வலுப்பயிற்சி, கொஞ்சம் முட்டையோ பருப்போ கூடுதலாக. பயிற்சியைப் பற்றி உலக சுகாதார நிறுவனமும் 2020-இல் ஏறக்குறைய இதையேதான் சொன்னது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை மருத்துவமும் வீட்டுக்கே வருகிறது. வீட்டுக்கு வருபவரின் பையில் இரத்த அழுத்தக் கருவி இருக்கிறது, சர்க்கரை பார்க்கும் பட்டை இருக்கிறது. நடையைப் பார்க்க எதுவும் இல்லை. பெரிய செலவில்லாத ஓர் உணரி இருந்தால், போன மாதத்து ஆயாவையும் இந்த மாதத்து ஆயாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அமெரிக்கப் பாட்டியோடு ஒப்பிடத் தேவையில்லை. அவரோடு அவரை ஒப்பிட்டால் போதும்.

செய்முறையில் நான் பட்டது சில. கத்திரி வெயிலில் பசைப்பட்டை ஒட்டினால் முதியவரின் மெல்லிய தோல் உரிந்து வரும், அதனால் ஒட்டுவதை விட்டுவிட்டேன். ரப்பர் வாரில் வியர்வை கோத்து அரிக்கும். உள்ளூர்த் தையல்காரரிடம் மல்துணியில் இடுப்புப் பட்டை தைத்து, ஒரு சிறு பை வைத்துக்கொண்டேன். ஆண்களில் சிலர் அதையும் வேண்டாம் என்று அரைஞாணிலேயே முடிந்துகொள்கிறார்கள், அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. பெண்களுக்குக் கட்டிவிடப் பெண் ஊழியர்தான் போக வேண்டும். குளிக்கும்போது கழற்றச் சொல்லாதீர்கள், கழற்றினால் திரும்பக் கட்ட மாட்டார்கள். நீர் புகாத கருவியாக வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் என்ன செய்தார் என்று வீட்டில் படிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையைக் குறிப்பு எழுத வையுங்கள். தூளிக் கதை தெரிந்தது அப்படி ஒரு ஏழாம் வகுப்புப் பெண்ணின் நோட்டிலிருந்துதான்.

சம்மதம் கேட்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 நெறிமுறைப்படி, எழுதப் படிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கும்போது சார்பில்லாத சாட்சி ஒருவர் இருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. சட்டம் இருக்கட்டும். இடம் காட்டும் கருவியை, அதாவது ஜிபிஎஸ்ஸை, இந்த ஊரில் யாருக்கும் நான் கட்டவில்லை. யார் எப்போது எந்த வயலுக்குப் போனார் என்ற குறிப்பு என் கையில் இருப்பது எனக்கே பிடிக்கவில்லை. வாழ்வெளியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.

முதலில் சொன்ன அந்தத் திண்ணை ஆயா பிறகு சம்மதித்து ஏழு நாள் கட்டிக்கொண்டார். ஏழு நாளையும் ஒரு தாளில் கோடுகளாக அச்சிட்டு எடுத்துப்போனேன். படித்துச் சொன்னேன், அவர் திருத்தினார். காலை ஐந்தரைக்கு ஒரு மேடு. “கோயிலுக்குப் போனீங்களா ஆயா?” “இல்ல, கறவைக்குத் தண்ணி காட்டுனேன்.” வியாழக்கிழமை முழுக்கத் தட்டையான கோடு. “அன்னிக்கு மேலுக்கு முடியல, சொல்லல யாருகிட்டயும்.” மருமகள் திரும்பிப் பார்த்தார். தாளை மடித்துக் கொடுத்தேன். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து வந்தார். அதில் ரேஷன் கார்டு, ஆதார், பட்டா நகல், வங்கிப் புத்தகம். தாளை அதற்குள் வைக்கப் போனவர் நிறுத்தி, மறுபடி விரித்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார்.

“சீல் இல்லியே தம்பி?”

கையெழுத்துப் போட்டு, தேதி எழுதி, கைப்பையிலிருந்த என் ரப்பர் ஸ்டாம்பையும் குத்திக் கொடுத்தேன்.